பிடித்துப்போன மஞ்சள்

மனதாரச் சொன்ன சொல் சொன்னபடியே நடந்துவிடும் காலம் ஒன்று இருந்தது. குருவியும் அணிலும் மனிதர்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த காலமும் அதுதான். கேட்க நன்றாக இருக்கிறதே தவிர, அப்போது வாழ்ந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பசி உயிரைத் தின்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது, சொன்னால் தின்றுவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து வயிறு வெடிக்கிறது என்று சொன்ன ஒரு மாமாவால் பந்தியே பாதியில் கலைந்தது. அதனால் எல்லோரும் அளந்து பேசினார்கள். உவமையை யாரும் வீட்டுப் பக்கம் அண்டவிடுவதில்லை.

பொய்க்கு மட்டும் இந்தப் பலம் கிடையாது. பொய் சொன்னால் அது உதட்டிலிருந்து இறங்கிக் காலடியில் விழும். கொஞ்ச நேரம் கிடக்கும். பிறகு எறும்புகள் வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். எறும்புகள் அந்தக் காலத்தில் இப்போதைவிடக் கொழுப்பாக இருந்தன.

அப்போது ஆண் தூக்கணாங்குருவி அலகு முதல் வால் வரை மஞ்சள். வருஷம் பன்னிரண்டு மாதமும் மஞ்சள். அது பறந்தால், கொன்றைப்பூ ஒன்று காம்பை உதறிவிட்டுக் கிளம்பியதுபோல் இருக்கும். (இப்போது இப்படிச் சொல்லலாம், ஆபத்தில்லை.) பெண் குருவி தவிட்டு நிறம். அதன் நிறம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

குளத்தங்கரை ஊர் ஒன்றில் கொப்பாயி என்ற பெண் இருந்தாள். ஒவ்வொரு வருஷமும் தை அறுப்பு முடிந்ததும் வீட்டு முன்சுவரை மெழுகி, சுண்ணாம்பு அடித்து, கரியால் பறவைப் படம் வரைவாள். அவளுக்கு அதில் இருந்த ஆசைக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. வரைந்து முடித்ததும் அவள் கணவனின் அக்கா சீனியம்மாள் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

"இது என்னட்டி, முறமா?"

"மயிலு, மதினி."

"அப்ப பக்கத்துல இருக்கிறது?"

"அது கிளி."

"நல்லவேளை சொன்னே. நான் பாகற்காய்னு நினைச்சேன்."

சீனியம்மாள் மனதாரத்தான் சொன்னாள். மறுநாள் பார்த்தால் கிளி நிஜமாகவே இன்னும் கொஞ்சம் பாகற்காய் ஆகியிருக்கும்.

ஒரு வருஷம் கொப்பாயி, விதைக்கென்று ஒரு கட்டு நெற்கதிரைப் பின்னிக் கூரை விளிம்பில் தொங்கவிட்டிருந்தாள். முதலில் அணில் வந்தது. விரட்டினாள். மறுபடி வந்தது. உலகத்தில் முதல் கதிர் தொங்கிய நாளிலேயே முதல் அணிலும் வந்துவிட்டது. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தூக்கணாங்குருவி வந்தது. கொப்பாயி கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாகிவிட்டது. வாசல்நிலைக்கு உள்ளே உட்கார்ந்து, பழைய முறம் ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்து, அதிலிருந்த ஓட்டை வழியாகக் குருவியைப் பார்ப்பாள். இரண்டு நாள் குருவி தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் கேட்டுவிட்டது.

"முறத்துக்குப் பின்னால யாரு?"

"யாரும் இல்லை," என்றாள் கொப்பாயி.

பொய் தரையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். எறும்பு வந்தது.

"எதுக்கு அக்கா ஒளிஞ்சு பாக்கீங்க?"

"நேரா பாத்தா பறந்திருவியே, தம்பி."

"பாத்தா பறக்க மாட்டேன். அசைஞ்சாத்தான் பறப்பேன். பாத்துக்கிட்டே இருங்க, கதிர் தீராம இருந்தாச் சரி. ஒண்ணே ஒண்ணு, என்னை அசையாம இருன்னு மட்டும் சொல்லிராதீங்க. அப்புறம் நான் அப்படியே நின்னுருவேன். கதிரைப் பாத்துக்கிட்டே பட்டினி கிடக்கணும்."

"சொல்ல மாட்டேன்," என்றாள் கொப்பாயி. சொல்லவும் இல்லை.

ஆனால் அசைகிற குருவியை எப்படி வரைவது? இன்றைக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் நாற்பது படம் விழுகிறது. அதில் முப்பத்தெட்டில் வெறுங்கதிர் ஆடிக்கொண்டிருக்கும், ஒன்றில் அணில் வால் இருக்கும், மிச்சம் ஒன்றில் குருவியின் முதுகு இருக்கும். கொப்பாயிக்கு இரண்டு கண்தான் இருந்தது. அதனால் அவள் ஒரு காலைப்பொழுதுக்கு ஒன்று என்று பார்த்தாள். முதல் நாள் அலகு மட்டும். அது கட்டை அலகு; நெல்லை ஓரத்தில் வைத்து ஒரு உருட்டு உருட்டினால் அரிசி உள்ளே போகும், உமி வெளியே வரும். இரண்டாம் நாள் கால்கள். தலைகீழாகத் தொங்கும்போது ஒரு கால் கதிரிலும் ஒரு கால் கயிற்றிலும் இருப்பதை அன்றுதான் கண்டாள். கண்ணுக்கே மூன்று காலை ஆயிற்று. ஒரு கண் நெல்லைப் பார்க்கும்போது மறு கண் வானத்தில் வல்லூறைத் தேடியது. தின்பதிலும் பயப்படுவதிலும் பாதிப் பாதியாக ஒரு உயிர் இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, அன்று உலை வைக்க மறந்துபோனாள்.

பார்த்ததைப் பார்த்த அன்றே சுவரில் கரியால் இழுத்தாள். மாசி முடிவதற்குள் சுவரில் ஒரு குருவி முளைத்துவிட்டது. மஞ்சள்தான் பாக்கி.

மஞ்சளை அரைத்துப் பூசினாள். சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள் பட்டால் என்ன ஆகும் என்று குங்குமம் செய்கிறவர்களுக்குத் தெரியும். அரை நாழிகையில் படம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

"அக்கா, என் மண்டையை யாரு உடைச்சா?" என்றது குருவி.

கழுவிவிட்டு ஆவாரம்பூவைக் கசக்கிப் பூசினாள். சாயங்காலமே வெளிறிவிட்டது. சீனியம்மாள் வந்து பார்த்தாள்.

"குருவிக்குக் காமாலையாட்டி? கீழாநெல்லி அரைச்சுக் குடு."

கொன்றைப்பூவும் நிற்கவில்லை. பங்குனி வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கொப்பாயி சுவரைப் பார்ப்பதும் குருவியைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஒருநாள் காலை குருவி என்றைக்கும் இல்லாமல் கதிரின் இந்தப் பக்கம், அவளுக்கு ஒரு முழம் தள்ளி, வெயிலில் வந்து உட்கார்ந்தது. இறகு ஒவ்வொன்றுக்கும் ஓரம் தெரிந்தது. நெஞ்சு மூச்சுக்கு ஏறி இறங்கியது. அவள் அளந்து பேசுவதை மறந்தாள்.

"இந்த மஞ்சள் எனக்குப் பிடிச்சிருக்கு, தம்பி."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்ன சொல் சாதாரணச் சொல் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருந்தது. எல்லோருடைய பாதுகாப்புக்காகவும் அப்படி வைத்திருந்தார்கள். 'பிடி' மட்டும் எப்படியோ கட்டுப்பாட்டிலிருந்து நழுவிவிட்டது. மனசுக்கு ஒன்று பிடிக்கும். காவற்காரன் கள்ளனைப் பிடிப்பான். துணியில் சாயம் பிடிக்கும். கொப்பாயி சொன்ன 'பிடிச்சிருக்கு' காற்றில் ஒரு கணம் நின்று, தான் செய்யவேண்டியது இவற்றில் எது என்று யோசித்தது. கடமை தவறாத சொல் அது. எல்லாவற்றையும் செய்துவிட்டது. மனசுக்குப் பிடித்த மஞ்சளைக் குருவி மேலிருந்து பிடித்தது. பிடித்ததைச் சுவரில் பிடிக்க வைத்தது.

சுவரில் ஒரு பொன்குருவி பளீரென்று நின்றது. கதிரில் ஒரு தவிட்டுக்குருவி உட்கார்ந்திருந்தது.

குருவி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது. இறக்கையை விரித்து உள்பக்கம் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது.

"திருப்பிக் குடுங்க அக்கா."

"நான் எடுக்கலையே, தம்பி."

அந்தச் சொல் விழுமோ என்று இருவரும் தரையைப் பார்த்தார்கள். அது விழவில்லை. எங்கும் போகவும் இல்லை. நடுவில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"பிடிச்சிருக்குன்னு சொன்னீங்கள்ல?"

"ஆசைப்பட்டதைச் சொன்னேன். பிடிச்சுக்கிட்டதைச் சொல்லலை."

"உங்க ஊர்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லா?"

"ஆமா."

"அப்ப உங்க ஊர்ல யாராவது யாரையாவது பிடிச்சிருக்குன்னா, கேட்டவன் முதல்ல ஓடிரணும்," என்றது குருவி. பிறகு அதன் குரல் தணிந்தது. "சரி, பிடிக்கலைன்னு சொல்லுங்க. வந்திரும்."

கொப்பாயி எழுந்து நின்றாள். சுவரைப் பார்த்து, "இந்த மஞ்சள் எனக்குப் பிடிக்கலை," என்றாள்.

சொல் பொத்தென்று விழுந்தது. சுவரில் மஞ்சள் இன்னும் கொஞ்சம் மினுங்கியது. மறுபடி சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். குருவிக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதபடி ஒருதரம் சொன்னாள். எறும்புகள் வரிசை கட்டி வந்துவிட்டன.

தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள். கொட்டாங்கச்சியால் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்ததே தவிர மஞ்சள் அசையவில்லை. அவள் பிடித்த பிடி அப்படி.

"பொய்யில்லாம உங்களுக்கு எப்பப் பிடிக்காமப் போகுதோ, அப்பச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் குருவி போய்விட்டது.

மறுநாள் சீனியம்மாள் வந்தாள். இடுப்பில் கை வைக்கவில்லை. சுவர் முன்னால் நின்றாள். ஒரு அடி பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். கடைசியில் மெதுவாக, "குருவிதான்," என்றாள்.

பதினோரு வருஷமாகக் கொப்பாயி இந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தாள். அது அவளுக்கு இனித்தது. இனித்ததை நினைத்துச் சங்கடமாகவும் இருந்தது.

ஊர் திரண்டு வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களும் வந்தன. கோடைமழை ஏதாவது அடித்துவிட்டால் என்ன செய்வது என்று கொப்பாயி பனையோலையில் ஒரு தட்டி முடைந்து, படத்துக்கு முன்னால் கட்டினாள். குருவியிடம் திருப்பிக் கொடுக்கும்வரை பத்திரமாக இருக்கவேண்டுமே, அதற்காகத்தான் கட்டுகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மனசுக்குள் சொன்னது வெளியே விழுவதில்லை. எறும்புக்கும் தெரியாது.

ஆனி பிறந்தது. மேற்கே மேகம் கூடியது. இரண்டு தூறலில் கரையெல்லாம் புல் துளிர்த்தது. தூக்கணாங்குருவிகளுக்கு அதுதான் பருவம். ஆண் குருவி பாதிக்கூடு பின்னித் தொங்கவிடும். பெண் குருவி வந்து கூட்டையும் பார்க்கும், கட்டினவனையும் பார்க்கும். இரண்டும் சரியாக இருந்தால் உள்ளே போகும். கூடு பச்சையாக இருக்கும்போதே வந்தால்தான் உண்டு. நார் பழுத்துவிட்டால் எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்காது.

கொப்பாயி கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனாள். கிணற்றின் மேல் சாய்ந்த பனையில் மூன்று பாதிக்கூடுகள் தொங்கின. இரண்டு பழுத்துவிட்டன. மூன்றாவதில் தவிட்டு நிறத்தில் ஒரு குருவி தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தவிட்டுக்குருவி எதிர் மட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"கூடு நல்லாத்தான் இருக்கு," என்றது எதிர் மட்டையில் இருந்த பெண் குருவி. "முடிச்சு கெட்டி. காத்துக்கு எதிரா வாசல் வைக்கலை. யாரு கட்டினது?"

"நான்தான்."

"நீயா? பொண்ணு கட்டின கூட்டுல பொண்ணு வந்து என்ன செய்ய? ரெண்டு பேரும் உக்காந்து கதை பேசவா?"

"நான் ஆணு. என் மஞ்சள் ஒரு சுவர்ல இருக்கு."

பெண் குருவி கீழே எட்டிப் பார்த்தது. சொல் விழவில்லை.

"பொய் இல்லை. காது நம்புது," என்றது. "ஆனா முட்டையிடறது காது இல்லையே. நான் உன்னைப் பாக்கறப்போ என்னையேதான் பாக்கேன். நாலு நாள் பொறுக்கேன். அதுக்கு மேல நாரும் பழுத்திரும், நானும் வேற மரம் பாக்கணும்."

அது பறந்துபோயிற்று. குருவி கூட்டைவிட்டு அசையவில்லை. கொப்பாயி குடத்தைத் தூக்க மறந்து நின்றாள். குருவியும் அவளைப் பார்த்தது.  மஞ்சளைத் திருப்பிக் கேட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். நான்கு நாளும் சுவர் முன்னால் உட்கார்ந்து, அதில் பிடிக்காத ஒன்றைத் தேடினாள். அலகைக் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் என்று தோன்றியது. அதுவும் பிடித்துத்தான் இருந்தது. பிடித்த ஒன்றைப் பிடிக்காமல் ஆக்க மனிதருக்கு வழி கிடையாது. பழகிச் சலிக்கலாம், அதற்கும் வருஷம் ஆகும்.

நான்காம் நாள் மத்தியானம் காற்று திரும்பியது. சீனியம்மாள் வற்றலை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏட்டி கொப்பாயி! மழை பிடிக்கப்போகுது. தட்டியை இறுக்கிக் கட்டு!"

கொப்பாயி நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க மதினி?"

"மழை பிடிக்கப்போகுதுன்னேன். காது அடைச்சிருக்கா?"

"மழையா? மழை பிடிக்குமா?"

"வேற பின்ன? இருட்டிக்கிட்டு வாரது தெரியலையா?"

"பிடிச்சா... விடுமா மதினி?"

"எந்த மழைட்டி பிடிச்சு விடாம இருந்திருக்கு? அடைமழையே ஒருநாள் விடத்தான் செய்யும். பேச்சை விட்டுட்டுத் தட்டியைக் கட்டு!"

கொப்பாயி தட்டியிடம் போனாள். கட்டுவதற்கு நீண்ட கை முடிச்சில் நின்றது. சுவரிலிருந்த குருவியை ஒருமுறை, அலகிலிருந்து வால் வரை, ஒவ்வொரு காலைப்பொழுதும் கண்ட வரிசையிலேயே, பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். தட்டி முற்றத்தில் சரிந்தது.

"ஏட்டி, என்ன பண்ணுத! ஊரே பாக்க வருது!"

"எனக்குப் பிடிக்கத்தான் தெரியுது மதினி. விடத் தெரியலை. மழைக்கு ரெண்டும் தெரியும்."

அவள் தெருவில் இறங்கிக் கிணற்றுப் பக்கம் பார்த்து, "தம்பீ!" என்று கூப்பிட்டாள். குருவி வந்து சேரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

சாய்ந்தடித்த மழை நேராகச் சுவரில் விழுந்தது. நாருக்கும் கொட்டாங்கச்சிக்கும் அசையாத மஞ்சளை மழை பிடித்தது. முதலில் கால் கரைந்தது, அடுத்து வால். மஞ்சள் சுவரோடு இறங்கி அடியில் ஒழுகியது. அதன் பின்னாலேயே கரிக்கோடும் கலைந்து வந்தது. குருவி சுவரை ஒட்டி நின்று, முற்றத்துக்கு முதுகைக் காட்டி, ஒழுகும் தண்ணீரில் தலையை நீட்டியது. உச்சியில் மஞ்சள் ஏறியது. நெஞ்சில் ஏறியது. அவசரத்தில் முகத்தையும் கழுத்தையும் கரிக்குள் விட்டுவிட்டது. முதுகுக்கு ஒன்றும் எட்டவில்லை. அது தவிடாகவே நின்றது.

குருவி திரும்பியது. பொன் தலை, கரிய முகம், பொன் நெஞ்சு. அலகிலிருந்து வால் வரை மஞ்சளாக இருந்ததைவிட இது நன்றாக இருந்தது. கொப்பாயிக்கு அந்தச் சொல் மறுபடி வாய்வரை வந்துவிட்டது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு அக்கா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க," என்று கத்திக்கொண்டே குருவி பனைக்குப் பறந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் பெண் குருவி வந்தது. கூட்டைப் பார்க்கவில்லை, கட்டினவனை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், மெத்தை எங்கே என்று கேட்டது.

மழை இரண்டு மாதம் பிடித்திருந்தது, பிறகு விட்டது. விட்டபோது, தான் பிடித்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிட்டது. கொப்பாயியின் சுவர் வெறும் மண்சுவராக நின்றது. சீனியம்மாள் அதைப் பார்த்து, "அடுத்த வருசம் காக்கா வரை. யாரும் கொண்டுபோக மாட்டாங்க," என்றாள்.

ஒருநாள் காலையில் கதிரில் ஏழு குருவிகள் தொங்கின. ஏழும் தவிட்டு நிறம். அம்மா எது, பிள்ளைகள் எவை, யார் யார் என்று ஒன்றும் விளங்கவில்லை. கொப்பாயி வாசல்நிலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"தம்பி இருக்கியா?"

"இருக்கேன்," என்றது ஒரு குரல். எந்த அலகிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"மஞ்சள் எங்கே?"

"மழை விட்டிருச்சு அக்கா, அதுவும் போயிருச்சு. அடுத்த மழையில வரும். வராம எங்க போகும்?"

"வருத்தமா இருக்கா?"

ஏதோ ஒரு அலகிலிருந்து உமி உதிர்ந்தது.

"முதல்ல இருந்துச்சு. நேத்து வல்லூறு நேர் மேல வந்து, என்னைப் பாத்து, காய்ஞ்ச இலைன்னு நினைச்சுப் போயிருச்சு. குஞ்சுகள் பக்கத்துலதான் இருந்துச்சு. யார் கண்ணுக்கும் பிடிக்காம இருக்கிறதுலயும் ஒரு சுகம் இருக்கு அக்கா. வருசம் முழுக்கப் பொன்னா இருக்கிறது பெரிய வேலை. நான் யாருன்னு அடுத்த மழை வரைக்கும் தேடாதீங்க."

கொப்பாயி தேடவில்லை. எழுந்துபோய் இன்னொரு கதிர்க்கட்டை எடுத்துவந்து, முதல் கட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். இதிலும் தொங்கின. அதிலும் தொங்கின. எது எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் ஒன்றுபோலவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண் தூக்கணாங்குருவி மழை பிடித்திருக்கும் மாதங்களில் மட்டும் மஞ்சள் தலையும் கரி அப்பிய முகமுமாக வருவது அன்று தொடங்கிய வழக்கம். மற்ற நாட்களில் கதிர் கட்டித் தொங்கவிடுகிறவர்கள், இதில் எது அந்தக் குருவி என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் சோறிடுவதும் அன்று தொட்டுத்தான்.